கோணிப் போன பந்து: மரியானோ ரிவேராவின் ‘கட்டர்’ பிறந்த கதை

1997 ஜூன் மாதம். டெட்ராய்ட் நகரின் பழைய டைகர் ஸ்டேடியம். ஆட்டம் தொடங்க இன்னும் நேரம் இருக்கிறது. நியூயார்க் யாங்கீஸ் அணியின் பிட்சர்கள் இரண்டிரண்டு பேராக நின்று பந்தைப் போட்டுப் பிடித்துத் தோளைச் சூடேற்றிக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஒரு ஜோடி பனாமா நாட்டுக்காரர்கள். ஒருவர் ரமிரோ மென்டோசா. எதிரே நிற்பவர் மரியானோ ரிவேரா, வயது 27.

ரிவேரா எப்போதும் போடுகிற மாதிரிதான் போட்டார். நேராக வந்த பந்து, மென்டோசாவின் கையுறையை நெருங்கியதும் சட்டென்று பக்கவாட்டில் விலகியது. மென்டோசா தடுமாறிப் பிடித்தார். அடுத்த பந்தும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. சும்மா கைச்சூட்டுக்குப் போடும்போது என்ன வேடிக்கை இது, ஒழுங்காகப் போடு என்று மென்டோசா சலித்துக்கொண்டார். நான் ஒன்றுமே செய்யவில்லை என்றார் ரிவேரா. உண்மையிலேயே அவர் ஒன்றும் செய்யவில்லை. பிடி மாறவில்லை, கை மாறவில்லை, மணிக்கட்டு திரும்பவில்லை. பந்து மட்டும் நேராகப் போக மறுத்தது.

பேஸ்பால் வரலாற்றில் மட்டைக்காரர்களை மிக அதிகம் தவிக்கவிட்ட ஒற்றைப் பந்துவீச்சு எது என்று கேட்டால், நான் அன்று பிறந்த அந்தப் பந்தைத்தான் சொல்வேன். அதற்குப் பெயர் கட்டர்.

நான் ரிவேராவின் ரசிகன். நியூயார்க்கில் இரவு 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் கோடைக்காலத்தில் நமக்கு விடியற்காலை 4.30. அவர் இறங்கும் ஒன்பதாவது இன்னிங்ஸ் வரும்போது இங்கே தெருவில் பள்ளி வேன் ஹார்ன் அடித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் அவரைப் பார்த்துவிட்டு நாளைத் தொடங்கியவர்களுக்கு, அவர் ஓய்வுபெற்ற பிறகு காலை வேளை கொஞ்சம் வெறிச்சென்றுதான் ஆனது.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பந்து வீசுபவர் பிட்சர். சிறு மண்மேட்டின் மேல் நின்று, 60 அடி 6 அங்குலம் தள்ளி மட்டையோடு நிற்பவரை நோக்கி வீசுவார். ஓடிவரக் கூடாது, நின்ற இடத்திலிருந்தே வீச வேண்டும். பந்து தரையில் குத்தி எழும்புவதில்லை, காற்றிலேயே வரும். நம் கிரிக்கெட்டிலும் லெக் கட்டர், ஆஃப் கட்டர் உண்டு. அங்கே ஆடுகளத்தின் புல்லும் ஈரமும் வெடிப்பும் துணைக்கு வரும். இங்கே துணைக்கு வருவது பந்தின் மேலுள்ள 108 தையலும் காற்றும்தான்.

ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ். தொடக்கத்தில் வீசிய பிட்சர் களைத்த பிறகு அடுத்தடுத்து ஆட்கள் வருவார்கள். தன் அணி மூன்று ஓட்டத்துக்கு மேல் போகாத சிறு முன்னிலையில் இருக்கும்போது கடைசியில் வந்து, அந்த முன்னிலையைக் கைவிடாமல் ஆட்டத்தை முடித்துக் கொடுப்பவர் க்ளோசர். அப்படி முடித்துக் கொடுத்தால் அவர் கணக்கில் ஒரு ‘சேவ்’ ஏறும். பெரும்பாலும் மூன்று பேரை அவுட் ஆக்கினால் போதும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அதுவரை எட்டு இன்னிங்ஸ் எல்லாரும் உழைத்துச் சேர்த்ததை ஐந்தே நிமிடத்தில் பறிகொடுக்கக்கூடிய இடமும் அதுதான். கோட்டை விட்டால் பழி முழுக்க ஒருவர் தலையில்.

1997இல் ரிவேரா அந்த வேலைக்குப் புதியவர். முந்தைய ஆண்டு ஜான் வெட்லாண்ட் என்பவர் யாங்கீஸின் க்ளோசர். அவருக்கு முந்தைய இன்னிங்ஸ்களை வீசும் துணை ரிவேரா. 1996இல் அந்தத் துணை வேலையிலேயே 107 இன்னிங்ஸுக்கு மேல் வீசி 130 பேரை ஸ்ட்ரைக்அவுட், அதாவது பந்தை அடித்தாட விடாமலே அவுட், ஆக்கியிருந்தார். அந்த ஆண்டு யாங்கீஸ் உலகத் தொடரை, அதாவது ஆண்டின் இறுதிக் கோப்பையை, வென்றது. வெட்லாண்ட் டெக்சஸ் அணிக்குப் போனதும் பொறுப்பு ரிவேராவிடம் வந்தது. வந்த வேகத்தில் முதல் ஆறு வாய்ப்புகளில் மூன்றைக் கோட்டைவிட்டார். வெட்லாண்ட் மாதிரி ஆக வேண்டும், இன்னும் வேகமாக வீச வேண்டும் என்று தன்னைத்தானே இறுக்கிக்கொண்டதுதான் காரணம். மேலாளர் ஜோ டோரி கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். நீதான் எங்கள் க்ளோசர், அதில் மாற்றமில்லை என்று உறுதி சொல்லி அனுப்பினார். ஒரு தலைவன் செய்ய வேண்டிய வேலைகளில் இதைவிடப் பெரியது இல்லை என்பது என் எண்ணம். அந்தப் பேச்சு இல்லாமல், தான் எந்நேரமும் தூக்கி எறியப்படுவோம் என்ற பயத்தோடு ரிவேரா டெட்ராய்டுக்குப் போயிருந்தால், கோணிப் போன அந்தப் பந்தைக் கண்டு மிரண்டிருப்பார்.

அவர் வந்த வழியைப் பார்த்தால் மிரளாததே ஆச்சரியம். பனாமாவின் பசிபிக் கரையில் புவெர்ட்டோ கைமிட்டோ என்ற மீன்பிடி ஊர். அப்பா மீன்பிடிக் கப்பலின் கேப்டன். மத்தி பிடிப்பதுதான் ஊரின் பிழைப்பு. பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் வாங்கிக் கொடுக்க யாரிடமும் காசு கிடையாது. பால் அட்டைப் பெட்டியைப் பிரித்துக் கையுறை, மரக்கிளையை வெட்டி மட்டை, கிழிந்த மீன்வலையைச் சுருட்டி மேலே டேப் சுற்றினால் பந்து. தோல் கையுறை ஒன்றை அப்பா வாங்கித் தந்தபோது சிறுவன் ரிவேராவுக்கு வயது 12. கால்பந்தும் ஆடினான், கணுக்கால் அடிபட்டு அதை விட்டான். பதின்ம வயதில் அப்பாவின் படகிலேயே வேலைக்குப் போனான். ஒருமுறை அந்தப் படகு கடலில் கவிழ, அவன் உயிர் தப்பியதும் உண்டு. தாங்கமுடியாத வேலை, எனக்கு இது வேண்டாம் என்று அப்போதே முடிவெடுத்ததாக அவரே பிறகு சொல்லியிருக்கிறார்.

பிட்சர் ஆனதும் திட்டமிட்டு அல்ல. பனாமா ஓஸ்தே என்ற உள்ளூர் அணியில் அவர் ஷார்ட்ஸ்டாப், அதாவது ஓட்டமெடுக்க மட்டைக்காரர் சுற்றிவரும் தளங்களில் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே நின்று பந்தைப் பொறுக்குபவர். 1989இல் ஒரு முக்கியமான ஆட்டத்தில் அணியின் பிட்சர் அடிவாங்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பதிலாக ரிவேரா போய் நின்றார். நன்றாகவே போட்டார். சக ஆட்டக்காரர்கள் யாங்கீஸுக்கு ஆள் பார்த்துக் கொடுக்கும் ஒருவரிடம் செய்தி சொன்னார்கள். யாங்கீஸின் லத்தீன் அமெரிக்கப் பிரிவைக் கவனித்துவந்த ஹெர்ப் ரேபோர்ன் வந்து பார்த்தார். வேகம் மணிக்கு 85, 87 மைல். அமெரிக்கக் கணக்கில் சுமார்தான். ஆனால் கை அலட்டாமல், உடம்பு திமிறாமல், தண்ணீர் ஓடுகிற மாதிரி வீசுகிற அந்த லாவகம் ரேபோர்னுக்குப் பிடித்துவிட்டது. 1990 பிப்ரவரியில் சில ஆயிரம் டாலருக்கு ஒப்பந்தம். ஆங்கிலம் தெரியாமல், அதுவரை வெளிநாடு பார்க்காமல், ஃப்ளோரிடாவுக்கு விமானம் ஏறினார். அங்கே முதல் ஆண்டிலேயே 52 இன்னிங்ஸ் வீசி, ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த சராசரி ஓட்டம் 0.17.

பிறகு 1992இல் முழங்கையில் அறுவைச் சிகிச்சை. அதே ஆண்டு இறுதியில் இரண்டு புதிய அணிகள் தொடங்கப்பட்டபோது, மற்ற அணிகள் பாதுகாக்காமல் விட்ட ஆட்களை அவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று விதி. யாங்கீஸ் ரிவேராவைப் பாதுகாக்கவில்லை. அந்தப் புதிய அணிகளும் எடுக்கவில்லை. யாருமே சீந்தாத பிட்சராக அவர் அப்போது இருந்தார்.

1995 மே 23 அன்று பெரிய லீகில் முதல் ஆட்டம். நான்காவது இன்னிங்ஸைக்கூட முடிக்க முடியாமல் ஐந்து ஓட்டம் கொடுத்து, அணி 10-0 என்று தோற்றது. ஜூனில் கீழே, கொலம்பஸ் நகரத்து அணிக்கு அனுப்பினார்கள். தோள்வலி வேறு. இரண்டு வாரம் ஓய்வு. ஓய்வு முடிந்து வந்து வீசியபோது நடந்ததுதான் விந்தை. அதுவரை 88, 90 மைலைத் தாண்டாத பந்து, திடீரென்று 95, 96 மைல் வேகத்தில் போயிற்று. நியூயார்க்கில் இருந்த பொது மேலாளர் ஜீன் மைக்கேல் அறிக்கையைப் படித்ததும் வேகமானி கெட்டுப்போயிருக்கும் என்றுதான் நினைத்தார். அங்கே இருந்த வேறு ஒருவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார். அந்த நாட்களில் டெட்ராய்டுடன் ஒரு பேரம் நடந்துகொண்டிருந்தது: டேவிட் வெல்ஸ் என்ற பிட்சரை வாங்க ரிவேராவைக் கொடுப்பதா என்று. மைக்கேல் அந்தப் பேரத்திலிருந்து ரிவேராவை எடுத்துவிட்டார். ஜூலை 4 அன்று சிகாகோ வைட் சாக்ஸுக்கு எதிராக எட்டு இன்னிங்ஸ், ஓட்டமே கொடுக்காமல், 11 ஸ்ட்ரைக்அவுட்.

எந்த டெட்ராய்டுக்கு அவரை விற்றுவிட இருந்தார்களோ, இரண்டு வருடம் கழித்து அதே டெட்ராய்டின் புல்தரையில்தான் கட்டர் பிறந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மேனி சிலிர்க்கும்.

இனி, பந்து கோணிப்போன பிறகு என்ன நடந்தது என்பதற்கு வருகிறேன். எனக்கு இதுதான் கதையின் மையம்.

பிறப்பு சில நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஆனால் பிறந்த பிள்ளையை வீட்டுக்குள் விட ரிவேராவே முதலில் தயாராக இல்லை. எங்கே போகும் என்று போடுபவருக்கே தெரியாத பந்தை ஒன்பதாவது இன்னிங்ஸில் யார் நம்புவார்கள்? பிட்சிங் பயிற்சியாளர் மெல் ஸ்டாட்டில்மயரும் அவரும் நாட்கணக்கில் அந்தக் கோணலை நிமிர்த்தப் பார்த்தார்கள். விரலை நகர்த்தினார்கள். பிடியை மாற்றினார்கள். பந்து விடும் இடத்தை மாற்றினார்கள். எது செய்தாலும் பந்து கடைசி நேரத்தில் விலகியது. இதற்கிடையே ஆட்டங்களும் நடந்துகொண்டிருந்தன. அதிலும் அவர் அந்தப் பந்தைத்தான் போட வேண்டியிருந்தது, வேறு பந்து வரவில்லையே. மட்டைக்காரர்கள் திணறினார்கள். ஒரு கட்டத்தில் இருவரும் முயற்சியைக் கைவிட்டார்கள். இது எனக்கு யாரும் கற்றுத் தந்ததல்ல, கடவுள் கொடுத்தது, இதை ஏன் திருத்த வேண்டும் என்று ரிவேரா தீர்மானித்தார். ஸ்டாட்டில்மயரும் ஒப்புக்கொண்டார்.

கற்றுக்கொடுக்க வந்தவர் திருத்துவதை நிறுத்துவது லேசான காரியமல்ல. அவருக்குச் சம்பளமே திருத்துவதற்குத்தான். நேர்ப்பந்து நேராகப் போக வேண்டும் என்பது பாடம். பாடத்தை ஒதுக்கிவிட்டுக் கண் முன்னால் நடப்பதை நம்ப மனசு வேண்டும். ஸ்டாட்டில்மயரும் தம் காலத்தில் யாங்கீஸின் பெயர்பெற்ற பிட்சர். தம் அறிவைக் கொண்டு அந்தப் பந்தை நிமிர்த்தியே தீருவேன் என்று அவர் பிடிவாதம் பிடித்திருந்தால், நமக்கு ரிவேரா கிடைத்திருக்க மாட்டார். கட்டரின் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் மென்டோசாவோடு நிறுத்திவிடுகிறார்கள். ஸ்டாட்டில்மயருக்கும் அதில் சரிபாதி உண்டு.

கட்டரை ரிவேரா கண்டுபிடித்தார் என்று சொன்னால் தவறு. அவருக்கு முன்பே அதை வீசியவர்கள் இருந்தார்கள். பிறவியிலேயே வலது கை இல்லாமல் ஒற்றைக் கையால் பெரிய லீகில் வீசிய ஜிம் ஆபட்டின் ஆயுதமும் கட்டர்தான். ஆனால் மற்றவர்களுக்கு அது நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்று. மட்டைக்காரர் வேறொன்றை எதிர்பார்க்கும்போது நடுவே நுழைக்கிற பந்து. ரிவேரா பத்துக்கு எட்டு பந்துக்கு மேல் கட்டரையே போட்டார். என்ன வரப்போகிறது என்று எதிரே நிற்பவருக்குத் தெரியும். அரங்கத்தில் ஐம்பதாயிரம் பேருக்கும் தெரியும். தெரிந்தும் அடிக்க முடியவில்லை. இது பதினாறு ஆண்டுகள் நடந்தது.

ஏன் முடியவில்லை? அவருடைய பிடியைப் பாருங்கள். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் ஒட்டினாற்போல, தையலுக்குக் குறுக்கே, பந்தின் நடுவிலிருந்து ஓர் இழை தள்ளி இருக்கும். கட்டைவிரல் அடியில். பந்து கையைவிட்டுப் போகும் கடைசிக் கணத்தில் நடுவிரலின் அழுத்தம் மற்ற விரலைவிடக் கொஞ்சம் கூடுதல். அவ்வளவுதான். சாதாரண நேர்ப்பந்து பின்னோக்கிச் சுழன்றுகொண்டு வரும். கட்டரின் சுழற்சி அச்சு சற்றே சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வைக் காற்று பிடித்துப் பந்தை ஒரு பக்கமாகத் தள்ளும். வலக்கைப் பிட்சரின் நேர்ப்பந்து இயல்பாக வலக்கை மட்டைக்காரர் பக்கம் கொஞ்சம் ஒதுங்கும். கட்டர் அதற்கு எதிர்ப்பக்கம் போகும்.

மணிக்கு 90 மைலுக்கு மேற்பட்ட வேகம் என்றால் பந்து மட்டையை அடைய அரை நொடிகூட ஆகாது. அந்த அரை நொடிக்குள் பாதி தூரத்திலேயே அடிப்பதா விடுவதா என்று முடிவெடுத்தாக வேண்டும். மற்ற வளைபந்துகளைச் சுழலும் விதத்தை வைத்தே கண்டுகொள்ளலாம். ரிவேராவின் கை எந்தப் பந்துக்கும் ஒரே மாதிரி வரும், பந்தும் நேர்ப்பந்து போலவே தோன்றும். மட்டையைச் சுழற்றத் தொடங்கிய பிறகு சில அங்குலம் நகரும். அந்தச் சில அங்குலம் போதும். மட்டையின் தடித்த பகுதியில் பட வேண்டிய பந்து கைப்பிடிக்கு மேலே மெல்லிய பகுதியில் படும். மரம் முறியும்.

இதில் இடக்கை மட்டைக்காரர்களின் பாடு இன்னும் மோசம். வலக்கைப் பிட்சரை இடக்கைக்காரர் எளிதாக அடிப்பார் என்பது பேஸ்பாலின் பாலபாடம். ரிவேராவிடம் அது தலைகீழ். பந்து அவர்கள் விரலை நோக்கியே வரும். இரண்டு பக்கமும் ஆடத் தெரிந்த சிலர் அவருக்கு எதிராக மட்டும் வலப்பக்கம் போய் நின்றார்கள். 1999 உலகத் தொடரில் அட்லாண்டா அணியின் ரையன் க்ளெஸ்கோ ஒரே முறை களமிறங்கி மூன்று மட்டைகளை முறித்துக்கொண்டார். அவருடைய அணித்தோழர் சிப்பர் ஜோன்ஸே உட்கார்ந்திருந்த இடத்தில் சிரித்துவிட்டார். அந்தப் பந்தை மரம் அறுக்கும் ரம்பம் என்று வர்ணித்தவரும் அவர்தான். அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது ரிவேராவுக்கு.

1998, 1999, 2000 என்று யாங்கீஸ் தொடர்ந்து மூன்று முறை வென்றது. மூன்று முறையும் கடைசி அவுட் வரை களத்தில் நின்றவர் ரிவேரா.

தோல்வியைச் சொல்லாமல் கடந்தால் அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. 2001 நவம்பர் 4, அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரம். உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். செப்டம்பர் 11 தாக்குதல் கழிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை; நியூயார்க் நகரமே அந்த ஆட்டத்தின் மேல் மனதை வைத்திருந்தது. யாங்கீஸ் 2-1 முன்னிலை. எட்டாவது இன்னிங்ஸில் வந்த ரிவேரா மூன்று பேரை ஸ்ட்ரைக்அவுட் ஆக்கினார். அதுவரை இறுதிக்கட்டப் போட்டிகளில் தொடர்ச்சியாக 23 சேவ் எடுத்திருந்தவர். ஒன்பதாவதில் ஒரு சிங்கிள். அடுத்து ஒரு தட்டலைப் பொறுக்கி இரண்டாம் தளத்துக்கு அவரே எறிந்தது தவறிப்போனது. அரிசோனா அணியின் டோனி வோமேக்கின் அடியில் ஆட்டம் சமன். அடுத்தவரின் உடம்பில் பந்து பட்டது. தளங்கள் மூன்றும் நிரம்பின. எதிரே லூயிஸ் கொன்சாலெஸ், இடக்கைக்காரர், அந்த ஆண்டு 57 ஹோம் ரன் அடித்தவர்.

கொன்சாலெஸ் அன்று மட்டையை வழக்கத்தைவிட மேலே தள்ளிப் பிடித்தார். பெரிதாக அடிக்க முடியாது, தொட்டால் போதும் என்று முடிவெடுத்துவிட்டார். கட்டர் வந்தது. எப்போதும் போலக் கைக்குள் புகுந்தது. மட்டையின் நல்ல பாகத்தில் படவில்லை. பந்து சோர்ந்துபோய் மேலே எழும்பி, ஓட்டத்தைத் தடுப்பதற்காக முன்னே வந்து நின்றிருந்த யாங்கீஸின் டெரெக் ஜீட்டரின் தலைக்கு மேலே போய்ப் புல்லின் ஓரத்தில் விழுந்தது. வழக்கமான இடத்தில் ஜீட்டர் நின்றிருந்தால் எளிதான கேட்ச். ஆட்டம் முடிந்தது, அரிசோனா வென்றது. பந்து தன் வேலையைக் குறைவில்லாமல் செய்த நாளில்தான் ரிவேராவின் மிகப் பெரிய தோல்வி வந்தது. அவர் முகம் சுளிக்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை, நடந்து உள்ளே போனார். பத்திரிகைக்காரர்கள் வந்தபோது எல்லாருக்கும் நின்று பதில் சொன்னார்.

2004இல் பாஸ்டனிடமும் ஒரு தோல்வி. யாங்கீஸ் மூன்று ஆட்டம் வென்று நான்காவதில் தொடரை முடிக்க வந்த இடத்தில் ரிவேராவால் முன்னிலையைக் காக்க முடியவில்லை. பாஸ்டன் அங்கிருந்து திரும்பி எழுந்து கோப்பைவரை போயிற்று. அந்தப் பாஸ்டன் அணியில் மென்டோசாவும் இருந்தார், கட்டரை முதன்முதலில் கையில் வாங்கிய அதே மென்டோசா. அடுத்த ஏப்ரலில் பாஸ்டன் மைதானத்தில் வெற்றி விழா; அன்று எதிரணியாக ஆட வந்தது யாங்கீஸ். ரிவேராவின் பெயர் அறிவிக்கப்பட்டதும் ஊரே எழுந்து கைதட்டியது, எங்களை ஜெயிக்கவைத்தாயே என்று. அவர் தொப்பியைத் தூக்கிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதில் பாசாங்கு இல்லை. அந்த ஆண்டு, 2005இல், அவர் விட்டுக்கொடுத்த சராசரி ஓட்டம் 1.38.

2008 ஜூலையில் பழைய யாங்கீ ஸ்டேடியத்தில், எல்லா அணிகளின் நட்சத்திரங்களும் கூடும் ஆல்-ஸ்டார் ஆட்டம். டொராண்டோ அணியின் பிட்சர் ராய் ஹாலடே தன் கட்டர் சரியாக வரவில்லை என்று ரிவேராவிடம் வந்து கேட்டார். டொராண்டோ யாங்கீஸின் பிரிவிலேயே உள்ள அணி; வருடத்துக்குப் பத்து முறைக்கு மேல் மோதிக்கொள்வார்கள். தொழில் ரகசியத்தைச் சொல்லத் தேவையே இல்லை. ரிவேரா பந்தை வாங்கி, விரல் எங்கே, கட்டைவிரல் எங்கே என்று காட்டினார். ஹாலடே அந்தப் பிடியோடேயே பேனாவை எடுத்து விரல்களைச் சுற்றிப் பந்தின் மேல் கோடு போட்டுக்கொண்டார். அந்தப் பந்தைப் பையிலேயே வைத்திருந்தார். கட்டர் தவறும்போதெல்லாம் எடுத்துக் கோட்டின் மேல் விரலை வைத்துச் சரிபார்ப்பார். விஷயம் வெளியே வந்ததும் யாங்கீஸ் தோழர்கள் தங்களுக்குள் பஞ்சாயத்து கூட்டி ரிவேராவுக்கு அபராதம் போட்டார்கள். அவர் கட்டினார். 2010இல் ஹாலடே, அப்போது ஃபிலடெல்ஃபியாவுக்கு மாறியிருந்தவர், மே 29 அன்று எதிரணியின் ஒருவரைக்கூடத் தளத்துக்கு விடாத முழுநிறை ஆட்டம் ஒன்றை வீசினார்; அக்டோபரில் சின்சினாட்டிக்கு எதிராக ஒரு ஹிட்டும் கொடுக்காத இன்னோர் ஆட்டம்.

கேட்காமல் வந்ததைக் கேட்டவருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று ரிவேரா நம்பினார் என்றே எனக்குப் படுகிறது. தன் புத்தியால் செய்தது என்று நினைத்திருந்தால் பூட்டி வைத்திருப்பார்.

2011 செப்டம்பர் 19 அன்று 602ஆவது சேவ். ட்ரெவர் ஹாஃப்மனின் 601 என்ற சாதனை உடைந்தது. 2012 மே மாதம் கான்சஸ் சிட்டியில், ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில், ஓடிப்போய் ஒரு பந்தைப் பிடிக்கும்போது முழங்கால் தசைநார் கிழிந்தது. வயது 42. இத்தோடு முடிந்தது என்று எல்லாரும் நினைத்தோம். இப்படி விழுந்து கிடந்த நிலையில் விடைபெற மாட்டேன் என்று மறுநாளே சொன்னார். 2013இல் திரும்பி வந்து 44 சேவ் எடுத்தார். அதுதான் கடைசி ஆண்டு என்று முன்பே அறிவித்திருந்ததால் போன ஊரெல்லாம் பரிசு கொடுத்தார்கள். மினசோட்டா அணி கொடுத்ததுதான் எனக்குப் பிடித்தது: முறிந்த மட்டைகளைக் கொண்டே செய்த ஓர் ஆடும் நாற்காலி. அவரை வாழ்த்த அதைவிடப் பொருத்தமான மரம் கிடைக்காது.

2013 செப்டம்பர் 26, யாங்கீ ஸ்டேடியத்தில் கடைசி ஆட்டம். அன்று சேவ் எடுக்க வாய்ப்பே இல்லை. அணி 4-0 என்று தோற்றுக்கொண்டிருந்தது. ரிவேரா நான்கு பேருக்கு வீசி நான்கு பேரையும் அவுட் ஆக்கினார். ஒன்பதாவதில் இன்னும் ஓர் அவுட் பாக்கி இருக்கும்போது, பிட்சரை மாற்ற மேலாளர் வரவேண்டிய இடத்தில் ஜீட்டரும் ஆண்டி பெட்டிட்டும் நடந்து வந்தார்கள். இருபது ஆண்டுக்காலத் தோழர்கள். வாடா, போகலாம் என்பது போல அவர்கள் சிரித்தபடி வர, ரிவேரா பெட்டிட்டின் தோளில் முகம் புதைத்து அழுதார். எத்தனையோ நெருக்கடியில் சலனமில்லாமல் நின்ற மனிதர் விம்மிவிம்மி அழுததைப் பார்த்து இங்கே நானும் அழுதேன். ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, மேட்டுக்குப் போய்க் குனிந்து ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டு போனார்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 652 சேவ், அதை இன்றுவரை யாரும் தொடவில்லை. 1,115 ஆட்டங்களில் சராசரி 2.21. இறுதிக்கட்டப் போட்டிகளில் 141 இன்னிங்ஸ், சராசரி 0.70, ஹோம் ரன் கொடுத்தது இரண்டே இரண்டு. பெரிய லீகின் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சனின் நினைவாக எல்லா அணிகளும் 42 என்ற எண்ணை 1997இல் ஓய்வுக்கு அனுப்பியபோது, ஏற்கெனவே அணிந்திருந்தவர்கள் மட்டும் தொடரலாம் என்றார்கள். அப்படி அணிந்தவர்களில் கடைசியாக நின்றவர் ரிவேரா.

2019 ஜனவரி 13 அன்று ஸ்டாட்டில்மயர் காலமானார். ஒன்பது நாள் கழித்து, ஜனவரி 22 அன்று, பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமுக்கான வாக்கெடுப்பின் முடிவு வந்தது. வாக்களித்தவர்கள் 425 பேர். ரிவேராவுக்கு விழுந்த வாக்கு 425. ஒரு வாக்குகூடத் தவறாமல் தேர்வானவர் அவருக்கு முன் எவரும் இல்லை. அதே பட்டியலில் ராய் ஹாலடேயும் இருந்தார். 2017 நவம்பரில் தான் ஓட்டிய சிறு விமானம் கடலில் விழுந்து அவர் இறந்துபோயிருந்தார். ரிவேராவின் கட்டரை வெளுத்து வாங்கிய வெகு சிலரில் ஒருவரான சியாட்டிலின் எட்கர் மார்ட்டினெஸும் அதே ஆண்டில் தேர்வானார்.

ஜூலை 21 அன்று ஹால் ஆஃப் ஃபேம் இருக்கும் கூப்பர்ஸ்டவுனில் விழா. ஹாலடேவுக்காக அவர் மனைவி பேசினார். புவெர்ட்டோ கைமிட்டோவின் மரியானோ ரிவேரா கடைசியாக எழுந்து வந்து பேசினார்.